மலைக்கு அப்பால் ஒரு வரி

மூணாறிலிருந்து பாலக்காட்டுக்கு நேர்கோடு போட்டு அளந்தால் ஏறத்தாழ 90 கிலோமீட்டர்தான். அந்தக் கோட்டின் குறுக்கே 2,695 மீட்டர் ஆனைமுடியைத் தலையாகக் கொண்ட மலைத்தொடர், வால்பாறை மேட்டுநிலம், பரம்பிக்குளம், நெல்லியாம்பதி எல்லாம் அடுக்கடுக்காக நிற்கின்றன. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த பரம்பிக்குளத்துக்குப் பேருந்தில் போகவேண்டும் என்றால்கூடத் தமிழ்நாட்டுக்குள் வந்து, பொள்ளாச்சி, சேத்துமடை வழியாக மலையேறித்தான் போகமுடியும். சாலைக்கே சுற்றுவழி காட்டும் மலைகள் வானொலி அலைக்கு மட்டும் நேர்வழி விடுமா?

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு அப்பால் ராஜமலைப் பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர்களின் லயங்கள் புதைந்தன. 70 பேர் போனார்கள். பெரும்பாலோர் தமிழர்கள், கயத்தாறுப் பக்கத்தில் வேர் உள்ள குடும்பங்கள் பல. பெருமழையில் மின்சாரம் நின்று, கைபேசித் தொடர்பும் அற்றுப்போயிருந்தது. நள்ளிரவுக்கு முன் நடந்தது வெளியுலகுக்குத் தெரிந்தபோது மறுநாள் விடிந்துவிட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், நெல்லியாம்பதிக்கு ஏறும் ஒரே சாலை சரிவுகளால் அறுபட்டு, மலைமேல் இருந்தவர்கள் தனித்து விடப்பட்டார்கள்.

இத்தகைய நேரத்தில் டவரையும் கேபிளையும் நம்பாத ஒரு தொடர்பு அமெச்சூர் வானொலி, நம் பேச்சில் ஹாம் ரேடியோ. ஒரு கார் பேட்டரி, ஒரு கருவி, மரக்கிளையில் கட்டிய கம்பி இருந்தால் போதும். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் சரிவில் அழிந்தபோது, கல்பற்றாவில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலேயே ஹாம் அன்பர்கள் நிலையம் அமைத்துச் செய்தி வாங்கினார்கள். குரலாக மட்டுமல்ல, மடிக்கணினி வழியாக எழுத்தாகவும்.

குரல் இருக்க எழுத்து எதற்கு என்று கேட்கலாம். மீட்புப் பணியில் முக்கால்வாசிச் செய்தி பட்டியல்தான்: ஆட்களின் பெயர், வயது, மருந்தின் அளவு, எத்தனை போர்வை, எத்தனை லிட்டர் டீசல். இதைக் குரலில் சொன்னால் ஒவ்வொரு வரியையும் இருமுறை சொல்லவேண்டும். எழுதிக்கொள்பவர் கை வலிக்கும். எழுத்தாக அனுப்பினால் திரையில் விழுந்ததை அப்படியே அச்செடுத்துக் கொடுக்கலாம். ஆனால் எழுத்துக்கு ஓர் ஆபத்து உண்டு. குரல் நடுவில் அறுந்தால் கேட்பவருக்கு அறுந்தது தெரியும். “திரும்பச் சொல்லுங்கள்” என்பார். எழுத்தில் ஓர் எண் விழுந்தால் “15 பேர்” என்பது “5 பேர்” என்று நின்றுவிடும். திரையில் அது பிழையாகவே தோன்றாது. ஆகவே, சிக்னல் போய்ப்போய் வரும் மலைநாட்டில் எழுத்துமுறை ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பதற்கு முன், நடுவில் அறுந்தால் என்ன ஆகும் என்றுதான் பார்க்கவேண்டும்.

சிக்னல் அறுவதை வாட்டைக் கூட்டி வெல்லமுடியாது. இதுதான் இந்த அத்தியாயத்தின் மையம். அலை வராத அரை நொடியில் 10 வாட் அனுப்பினாலும் 100 வாட் அனுப்பினாலும் பெரும்பாலும் அதே வெற்றிடம்தான் மறுமுனையில் கிடைக்கும். வெல்லும் வழி, ஓர் எழுத்தை ஒரு கணத்தில் அனுப்பாமல், அதை நீட்டி, சிதறடித்து, பல கணங்களில் பரப்பிவிடுவது.

எப்படி என்று ஒரு வரியை வைத்தே பார்ப்போம். “மருந்து உடனே தேவை, சாலை துண்டிப்பு.” இதில் புள்ளி எழுத்துகளையும் சேர்த்து எண்ணினால் 16 எழுத்து. நான்கு நான்காக எழுதுவோம்:

ம ரு ந் து
உ ட னே தே
வை சா லை து
ண் டி ப் பு

இதை எழுதிய வரிசையிலேயே அனுப்பும்போது முதல் நான்கு எழுத்து நேரத்துக்குச் சிக்னல் போய்விட்டால், கிடைப்பது “---- உடனே தேவை, சாலை துண்டிப்பு.” எது தேவை? தலையே போய்விட்டது. இப்போது அதே கட்டத்தை மேலிருந்து கீழாக, பத்தி பத்தியாக அனுப்புவோம்: ம, உ, வை, ண், பிறகு ரு, ட, சா, டி என்று. அதே முதல் நான்கு எழுத்து நேரம் அறுகிறது. வாங்கியவர் மீண்டும் கட்டத்தில் அடுக்கிப் படித்தால், “-ருந்து -டனே தே- சாலை து-டிப்பு.” இழந்த எழுத்துகளின் எண்ணிக்கை அதேதான். ஆனால் ஒரு சொல்லை முழுதாக விழுங்கிய இழப்பு, நான்கு சொற்களில் ஒவ்வோர் எழுத்தாகப் பங்கிடப்பட்டுவிட்டது. தமிழ் தெரிந்த எவரும் இதைப் படித்துவிடுவார்.

அனுப்பும் முன் இப்படிக் கலைத்து அடுக்குவது, அறுபடும் சிக்னலுக்கான முதல் மருந்து. இதனால் கூடுதலாக ஓர் எழுத்துகூட அனுப்பவேண்டியதில்லை. கொடுக்கும் விலை காத்திருப்பு மட்டும்: முழுக் கட்டமும் வந்து சேரும்வரை முதல் சொல்லைக்கூடப் படிக்கமுடியாது.

ஆனால் இது தனியாகப் போதாது. “-ருந்து” என்பது மருந்தா, விருந்தா? சூழல் தெரிந்த மனிதர் மருந்து என்று முடிவுசெய்வார். கணினிக்கு அந்த அறிவு இல்லை. அதற்கு நாம் கூடுதல் தகவல் கொடுத்தாகவேண்டும். எது விடுபட்டாலும் மிச்சத்தை வைத்துக் கணக்கிட்டு மீட்கும்படி செய்தியோடு உபரியையும் சேர்த்தே அனுப்புவது இரண்டாவது மருந்து. கிளாட் ஷானன் 1948இல் இதற்கான அடித்தளத்தையும், ரிச்சர்ட் ஹாமிங் 1950இல் பிழையைக் கண்டுபிடித்துத் தானே திருத்தும் குறியீட்டையும் உலகுக்குக் கொடுத்தார்கள். இரண்டு மருந்தும் சேர்ந்தால்தான் நோய் தீரும். உபரி மட்டும் இருந்து கலைப்பு இல்லாவிட்டால், ஓர் எழுத்தும் அதன் உபரியும் ஒரே இடைவெளியில் சேர்ந்தே காணாமல் போய்விடும்.

ஹாம் உலகில் இதைக் கப்பல் துறையிலிருந்து முதலில் கொண்டுவந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பீட்டர் மார்டினெஸ். 1970களின் பிற்பகுதியில் அவர் உருவாக்கிய ஆம்டார் என்ற முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஏழு துடிப்புகள். அவற்றில் நான்கு ஒருவகை, மூன்று மறுவகை என்ற விகிதம் மாறக்கூடாது. மாறினால் அந்த எழுத்து கெட்டது என்று கருவிக்குத் தெரியும். அதன் ஒலிபரப்பு முறையில் ஒவ்வோர் எழுத்தும் இருமுறை போகும். இரண்டுக்கும் நடுவே 280 மில்லி நொடி. முதலாவது விழுந்தால் இரண்டாவது பிழைக்கட்டும் என்ற எண்ணம். எளிய, அழகான யோசனை. ஆனால் அறுப்பு அந்த 280 மில்லி நொடியைத் தாண்டி நீடித்தால் இரண்டு பிரதியும் சேர்ந்து போகும். இதிலிருந்து ஒரு விதியை எடுத்துக்கொள்ளலாம்: பரப்பின் நீளம் அறுப்பின் நீளத்தைவிடப் பெரிதாக இருக்கவேண்டும். இனி நாம் பார்க்கும் ஒவ்வொரு முறையையும் இந்த ஒரே விதியால் எடைபோடலாம்.

அப்படியானால் பாலக்காடு, இடுக்கி எல்லை மலைகளில் அறுப்பு எவ்வளவு நீளம்? ஒரே விடை இல்லை. அறுப்பு பலவகை.

முதலில் ஜீப்பில் போகும்போது. 144 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 2 மீட்டர். நேராக வரும் அலையும் பாறைச் சரிவில் மோதித் திரும்பும் அலையும் கலந்து, அரை அலைநீளத்துக்கு ஒன்றாக, அதாவது சுமார் ஒரு மீட்டருக்கு ஒரு பள்ளம் உண்டாகும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஜீப் நொடிக்கு 10 மீட்டர் ஓடுகிறது. ஆகவே நொடிக்கு ஏறத்தாழ 10 முறை சிக்னல் பள்ளத்தில் விழுந்து எழும். ஒவ்வொன்றும் மில்லி நொடிக் கணக்கில்தான். சற்றே பரப்பினாலே இதைச் சமாளித்துவிடலாம். ஆனால் போடிமெட்டு வளைவில் ஜீப்பை நிறுத்திவிட்டீர்கள், நிறுத்திய இடம் சரியாகப் பள்ளத்தில் அமைந்துவிட்டது என்றால், அறுப்பு முடிவற்றது. எந்தக் குறியீடும் காப்பாற்றாது. அதற்கு மருந்து அரை மீட்டர் முன்னே நகர்த்துவதுதான். கையில் கருவியோடு நிற்பவர் ஓரடி இப்படி, ஓரடி அப்படி வைத்துப் பார்க்கவேண்டும்.

இரண்டாவது, மலையைத் தாண்டவேண்டிய தொடர்பு. மூணாறும் பாலக்காடும் 144 மெகாஹெர்ட்ஸில் நேரடியாகப் பேசுவது கடினம். நடுவே உயர்ந்த சிகரத்தில், வாங்கியதை மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் வேண்டும். பேரிடரில் அதற்கும் மின்சாரம் வேண்டும். ஆகவே 7 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கி, கம்பியைத் தாழ்வாகக் கட்டி, அலையை ஏறத்தாழச் செங்குத்தாக வானுக்கு அனுப்புவார்கள். சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் அயனிமண்டலம் அதைத் திருப்பி அனுப்பும். மேலிருந்து இறங்கும் அலைக்கு மலை ஒரு தடையே இல்லை. 90 கிலோமீட்டருக்குப் பேச 600 கிலோமீட்டர் பயணம், 2 மில்லி நொடி. அதே அலை தரையில் பட்டு மறுபடி மேலேறி இறங்கினால் இன்னும் 2 மில்லி நொடி பிந்தி வரும். இந்த இரண்டு பிரதிகளும் வாங்கும் கம்பியில் சந்திக்கும்போது சில அதிர்வெண்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 2 மில்லி நொடி வித்தியாசம் என்றால் அழிவுப் பள்ளங்கள் 500 ஹெர்ட்ஸுக்கு ஒன்றாக அமையும். அயனிமண்டலம் அசைய அசைய அவையும் மெல்ல நகரும்.

இங்கேதான் 1998இல் அதே மார்டினெஸ் கொடுத்த பி.எஸ்.கே.31 தடுமாறுகிறது. உலகம் முழுக்க ஹாம்களின் அன்பைப் பெற்ற முறை அது: சுமார் 31 ஹெர்ட்ஸ் அகலத்தில், குறைந்த வாட்டில், தட்டத்தட்ட எழுத்து மறுமுனையில் விழும். விசைப்பலகை உரையாடலுக்கென்றே செய்யப்பட்டதால் அதன் வழக்கமான வடிவில் பிழைதிருத்தம் கிடையாது. 500 ஹெர்ட்ஸ் இடைவெளியில் உலவும் பள்ளம் ஒன்று அந்த 31 ஹெர்ட்ஸின் மேல் வந்து உட்கார்ந்தால் முழுச் செய்தியும் போய்விடும். மாறாக 1,000 ஹெர்ட்ஸ் அகலத்தில் பரவிய முறையில் அதே நேரத்தில் இரண்டு இடங்களில் மட்டும் ஓட்டை விழும். மற்ற ஒலிகள் பிழைக்கும். நேரத்தில் பரப்புவது போலவே அதிர்வெண்ணிலும் பரப்பவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் கிடையாது.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனைப்பகுதியை ஒட்டிப் போகிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். கொடைக்கானலிலும், திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்திலும் அயனிமண்டலத்தை ஆராய்ந்ததும் இதனால்தான். காந்த நடுக்கோட்டை ஒட்டிய வானில், சூரியன் மறைந்ததும் அயனிமண்டலம் மேலே எழும்பி அதன் அடிப்பகுதி நிலைகுலையும். உலைநீரின் அடியிலிருந்து கிளம்புவதுபோல் அடர்த்தி குறைந்த குமிழ்கள் மேலேறும். அப்போது 7 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் நொடிக்குப் பல முறை படபடக்கும். சம இரவு நாட்களை ஒட்டிய மாதங்களில், சூரியன் துடிப்பாக இருக்கும் ஆண்டுகளில், மாலை மயங்கிய பிறகு இது மிகுதி. பி.எஸ்.கே.31 அலையின் கட்டத்தை (ஆங்கிலத்தில் ஃபேஸ்) முந்தைய கட்டத்தோடு ஒப்பிட்டே எழுத்தைக் கண்டுபிடிக்கிறது. கட்டமே இப்படிக் குலுங்கினால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது. பல ஒலிகளை மாற்றி மாற்றி அனுப்பும் முறைகளோ “இப்போது எந்த ஒலி உரக்கக் கேட்கிறது?” என்று மட்டுமே கேட்கின்றன. குலுங்கினாலும் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது.

அந்தக் குடும்பத்தில் நான் மிகவும் மதிப்பது ஒலிவியா. போலந்தின் பாவெல் யலோகா 2003 வாக்கில் உருவாக்கித் தன் மகளின் பெயரைச் சூட்டியது. 32 ஒலி, 1,000 ஹெர்ட்ஸ் வடிவத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஒவ்வோர் எழுத்தும் 64 கூட்டல்-கழித்தல் குறிகள் கொண்ட ஒரு கோலமாக மாறுகிறது. வால்ஷ் சார்புகள் என்ற கணிதக் குடும்பத்திலிருந்து 64 கோலம், அவற்றைத் தலைகீழாக்கினால் இன்னும் 64, ஆக 128 எழுத்துகள். எந்த இரண்டு கோலத்தை எடுத்தாலும் குறைந்தது 32 இடங்களில் வேறுபடும். ஐந்து எழுத்துகளைச் சேர்த்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குறியை எடுத்து, ஐந்து குறிகளுக்கு ஓர் ஒலி என்று 64 ஒலிகளாக அனுப்புவார்கள். நேரம் 2.048 நொடி. அதாவது ஒவ்வோர் எழுத்தும் இரண்டு நொடி முழுக்கவும், ஆயிரம் ஹெர்ட்ஸ் முழுக்கவும் பரவிக் கிடக்கிறது. நடுவில் அரை நொடி மொத்தமாகப் போனாலும் 64இல் 16 குறிகள்தான் போகும். மிச்சம் 48இல் எந்த இரண்டு எழுத்தும் இன்னும் குறைந்தது 16 இடங்களில் வேறுபட்டே நிற்கும். சரியான எழுத்தைக் கணினி எடுத்துவிடும். இரைச்சலுக்குள் அமுங்கி, காதுக்குச் சிக்னலே கேட்காத நிலையிலும் திரையில் எழுத்து வரும். கொடுக்கும் விலை வேகம்: நொடிக்கு இரண்டரை எழுத்துகூட இல்லை. 100 எழுத்துச் செய்திக்கு 41 நொடி.

மூன்றாவது அறுப்பு இடிமின்னல். சித்திரை, வைகாசி மாலைகளிலும் ஐப்பசி, கார்த்திகை மாலைகளிலும் இந்த மலைகளின் மேல் இடிமேகம் கட்டாத நாள் குறைவு. ஒரு மின்னல் அரை நொடிவரை நீளும். 7 மெகாஹெர்ட்ஸில் அது காதைக் கிழிக்கும் கரகரப்பு. தொடர்ந்து வந்தால் ஒலிவியாவின் இரண்டு நொடிக்குள் இரண்டு மூன்று அடி விழும். அப்போது யலோகாவின் முந்தைய படைப்பான எம்.டி.63 கைகொடுக்கிறது. 64 ஒலிகள் ஒரே நேரத்தில் இசைக்கும்; 1,000 ஹெர்ட்ஸ் வடிவத்தில் நீண்ட பரப்பைத் தேர்ந்தெடுத்தால் ஓர் எழுத்து 6.4 நொடிக்கு நீண்டு கிடக்கும். அரை நொடி மின்னல் அதில் எட்டு சதவீதம்கூட இல்லை. ஓர் எழுத்தில் கால்வாசி அழிந்தாலும் முழுமையாக மீளும். ஆச்சரியம், இது வேகமானதும்கூட, நொடிக்கு 10 எழுத்து. ஆனால் ஆற்றல் 64 ஒலிகளுக்குப் பங்கு போவதால், மிக மெலிந்த சிக்னலுக்கு ஒலிவியா அளவுக்கு ஈடுகொடுக்காது. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். சிக்னல் மெலிவது வேறு, அறுவது வேறு. மெலிவுக்கு ஒலிவியா, வலுவாக வந்து வெட்டி வெட்டிப் போகும் சிக்னலுக்கு எம்.டி.63. ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017இல் வெளியிட்ட எஃப்.டி.8 இன்று உலகில் அதிகம் ஒலிக்கும் முறை, 12.64 நொடி பரப்பு, வியக்கத்தக்க கணிதம். ஆனால் ஒரு தடவைக்கு 77 பிட் மட்டும் சுமக்கும் அதில் நிவாரணப் பட்டியல் அனுப்ப முயல்வது வீண்வேலை.

கடைசி வகை அறுப்பு நிமிடக்கணக்கில் நீள்வது: ஜீப் மலையின் மறுபக்கம் போய்விட்டது, பேட்டரி மாற்றுகிறார்கள். பத்து நிமிடத்துக்கு ஓர் எழுத்தை யாரும் பரப்பமுடியாது. இங்கே நடைமுறைதான் மருந்து. இந்த எழுத்துமுறைகளைக் கணினியில் இயக்கும் எஃப்.எல்.டிஜி என்ற இலவச மென்பொருளோடு சேர்ந்தது எஃப்.எல்.ஆம்ப். அது செய்தியை எண்ணிட்ட துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் சரிபார்ப்பு எண் சேர்த்து அனுப்பும். எந்தத் துண்டு எப்போது கிடைத்தாலும் வாங்கும் கணினி அதன் இடத்தில் வைத்துக்கொள்ளும், கெட்டதைச் சேர்த்துக்கொள்ளாது. விடுபட்டது 3, 7, 12 என்று குரலில் சொன்னால் அவற்றை மட்டும் மறுபடி அனுப்பலாம். “15 பேர்” “5 பேர்” ஆகும் ஆபத்துக்கு இந்தச் சரிபார்ப்பு எண்தான் காவல். எந்த முறையில் அனுப்பினாலும் பட்டியல் என்றால் அது இல்லாமல் அனுப்பக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தமிழ் பற்றியும் சொல்லவேண்டும். இந்த முறைகள் ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்துச் செய்தவை. யூனிகோடில் “மண்சரிவு” எட்டுக் குறிகள், வழக்கமான யு.டி.எஃப்.-8 வடிவில் குறிக்கு மூன்று பைட் வீதம் 24 பைட். ஒலிவியாவில் குறைந்தது 10 நொடி. ரோமன் எழுத்தில் தட்டினால் 9 எழுத்து, 4 நொடி. மேலும் மூன்று பைட்டில் ஒன்று கெட்டாலும் அந்தக் குறியே போய்விடும், ஆக அறுப்பின் சேதம் தமிழுக்குக் கூடுதல். கைபேசியில் ரோமன் எழுத்தில் தமிழ் தட்டுவதை நான் விரும்பாதவன். ஆனாலும் உயிர்காக்கும் செய்திக்கு இப்போதைக்கு அதுதான் பாதுகாப்பு. இதற்கு நல்ல தீர்வு, தமிழ் எழுத்துகளின் பயன்பாட்டு அளவை வைத்து ஒரு சுருக்கக் குறியீடு செய்வது. நம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் எடுத்துச் செய்யத்தக்க வேலை.

இதையெல்லாம் சோதித்துப் பார்க்க உரிமம்கூட வேண்டாம். இரண்டு மடிக்கணினிகளில் எஃப்.எல்.டிஜியை நிறுவுங்கள். ஒன்றின் ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலியை மற்றதன் மைக் வாங்கட்டும். பி.எஸ்.கே.31இல் ஒரு வரி அனுப்பி, நடுவில் ஒலியை அரை நொடி நிறுத்துங்கள், எழுத்துகள் விழும். அதையே ஒலிவியாவில், பிறகு எம்.டி.63இல் செய்யுங்கள். எவ்வளவு நேரம் நிறுத்தினால் உடைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு காற்றில் அனுப்ப ஆசை வந்தால், மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்தும் அமெச்சூர் தேர்வை 12 வயது நிரம்பிய எவரும் எழுதலாம். தொடக்க நிலை உரிமத்துக்கு மோர்ஸ் தேவையில்லை.

தேவிகுளம், பீர்மேடு, சித்தூர், அட்டப்பாடிப் பக்கத்து ஆசிரியர்களுக்கும் எஸ்டேட் இளைஞர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். ஊருக்கு இரண்டு பேராவது உரிமம் வாங்குங்கள். எந்த அதிர்வெண், எந்த முறை, எந்தப் படிவம் என்பதை மழைக்காலத்துக்கு முன்பே பக்கத்து ஊர்களோடு பேசி முடிவுசெய்து, இடிமழை மாலை ஒன்றில் 100 பெயர்ப் பட்டியலை அனுப்பிச் சோதியுங்கள். மின்னல் நெருங்கினால் கம்பியைக் கழற்றிவிட்டு, அது கடந்த பிறகு தொடருங்கள்.